விராலுக்கும் கொடுவாவுக்கும் உயிர் இரை: பொடிமீனைச் சாகாமல் வைத்திருப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்கும் குளங்களில் விராலுக்கும், அதே தாமிரபரணி கடலோடு சேரும் புன்னைக்காயல் பக்கத்தில் கொடுவாவுக்கும் பாரைக்கும் உயிர் இரை கோத்துத் தூண்டில் போடுகிறவன் நான். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல், பிடித்து வைத்த பொடிமீன் முள்ளில் கோக்கும் முன்பே வாளியில் மிதக்கிறதே, ஏன் என்பதுதான். அந்தக் கேள்வியையும் அதிலிருந்து கிளைக்கும் மற்றவற்றையும் எனக்குத் தெரிந்த விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

உயிர் இரைதான் வேண்டுமா? செத்த மீன் போதாதா?

எந்த மீனுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கெளுத்தி வாடை பிடித்து வருகிற மீன். அதற்குச் செத்த மீனோ கோழிக்குடலோ போதும், உயிரோடு ஒன்றைக் கொண்டுபோய் வருத்த வேண்டிய தேவையே இல்லை. விரால் அப்படியன்று. ஆம்பல் இலைக்கு அடியில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் ஏதேனும் துடித்தால் பாய்ந்து கவ்வும் இயல்பு அதற்கு உண்டு. கொடுவாவும் ஓடும் மடவையைத்தான் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். இந்த இரண்டுக்கும் இரை துள்ளலோடு இருக்க வேண்டும். பாதி உயிரோடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீனால் பயன் மிகக் குறைவு.

எந்தப் பொடிமீன் தாக்குப்பிடிக்கும்?

குளத்து மீன்களில் கெண்டைப்பொடியும் உளுவையும் அயிரையும் வாளியில் நன்றாகவே தங்கும். வெளிச்சி பார்க்கப் பளபளவென்று விராலின் கண்ணில் படும், ஆனால் கை பட்டாலே செதில் உதிர்ந்து அரை மணிக்குள் போய்விடும். அதை நான் விட்டுவிட்டேன். குறவையும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் மீன்கள், ஆகவே கொஞ்சம் கலங்கல் தண்ணீரிலும் சமாளிக்கும். ஆனால் இவற்றை விளிம்பு வரை நீர் நிரப்பி மூடிய பாத்திரத்தில் வைத்தால், மேலே வந்து காற்றுக் குடிக்க இடமில்லாமல் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

கழிமுகத்தில் மடவைக்கு நிகர் இல்லை. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், முள்ளில் நெடுநேரம் நீந்தும். கிழங்கான் அதற்கு அடுத்தபடி. சாளையும் நெத்திலியும் கூட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும் மீன்கள் என்பதால் வாளிக்கு ஒத்துவராது. கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டி இருந்தால் மட்டும் அவற்றை நினைக்கலாம். காரலை வேறு மீனோடு சேர்த்துப் போடாதீர்கள். அது கக்கும் சளி தண்ணீரைக் கஞ்சிபோல் ஆக்கிவிடும்.

பிடிக்கும்போதே கவனிக்க வேண்டியது என்ன?

வாளியில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை உண்மையில் பிடித்த முதல் சில நிமிடங்களிலேயே அடிபட்டவை என்பது என் உறுதியான எண்ணம். காற்றுக் குமிழி விடும் மோட்டார், உப்பு, ஐஸ் என்று பின்னால் எதைச் செய்தாலும் அந்த அடியைத் திருப்பி எடுக்க முடியாது.

ஒருமுறை வீச்சு வலையில் ஒரே வீச்சுக்கு முப்பதுக்கும் மேல் மடவைக்குஞ்சு விழுந்தது. மகிழ்ச்சியில் வலையைக் கரைக்கு இழுத்து, உலர்ந்த மணலில் உதறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டேன். எல்லாம் நீந்தின. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது பாதி மீன் வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. எஞ்சியவற்றின் முதுகில், மணல் ஒட்டிய இடங்களில் எல்லாம், நகத்தால் சுரண்டியது போன்ற மங்கல் திட்டுகள். மணல் அந்த மீன்களின் சளியைத் துடைத்து எடுத்திருந்தது.

மீனின் மேல் உள்ள வழவழப்பான சளியும் செதிலும் சேர்ந்துதான் அதன் உடலையும் நீரையும் பிரிக்கும் வேலி. நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். வேலி கிழிந்தால் வெளிநீர் உள்ளே ஏறும், உப்பு வெளியேறும். கடல் மீனுக்கு நேர்மாறாக உடல் நீர் வெளியே போகும். இரண்டு வகையிலும் முடிவு ஒன்றுதான், சில மணி நேரம் முன்பின் ஆகலாம்.

ஆகவே வலையை முழுவதும் தூக்காமல் அடிப்பகுதி தண்ணீருக்குள் இருக்கும்படி கரையோரம் கொண்டுவாருங்கள். மீனை நீரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் குவளையால் மொண்டு வாளியில் விடுங்கள். கையால் தொட்டே ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். கையில் சோப்போ, கொசுவுக்குத் தடவும் களிம்போ இருக்கக் கூடாது. முடிச்சுள்ள நைலான் கைவலையைவிடத் துணிபோல் மெல்லிய முடிச்சில்லா வலை நல்லது. வாளியில் விட்ட பின் முதல் அரை மணி நேரம் மூடி வைத்து, இருட்டில், ஆட்டாமல் விட்டுவிடுங்கள். வலையில் துடித்துக் களைத்த மீனுக்கு அப்போது வேண்டியது ஆக்சிஜனும் அமைதியும்தான். அந்த அரை மணிக்குள் சாய்ந்து கிடப்பவற்றை எடுத்துவிட்டு, தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

ஒரு வாளித் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கும்?

நாம் நினைப்பதைவிட மிகவும் குறைவு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிக அளவாக ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம். கடல்நீரில் 30 டிகிரியில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதாவது நம் ஊர் வெயிலில் 20 லிட்டர் வாளி முழுவதிலும் இருப்பது 150 மில்லிகிராம். ஒரே ஒரு லிட்டர் காற்றில் இதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது.

இந்த 150 மில்லிகிராமையும் மீனால் முழுவதும் பயன்படுத்த முடியாது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதே கெண்டை போன்றவை சோர்வடையத் தொடங்கும், 3-க்குக் கீழே பல மீன்கள் திணறும். விரல் நீளமுள்ள இருபத்தைந்து கெண்டைகளை அசையாத வாளியில் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறைகிறது. அதே வேளை மீனின் உடல் வேகமெடுத்து அதன் தேவை கூடுகிறது. 10 டிகிரி ஏறினால் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மதிய வெயிலில் வாளி மீன் இவ்வளவு விரைவாகச் சாவதற்கு இந்த இரட்டை இழப்புதான் காரணம்.

பேட்டரி மோட்டார் போட்டிருக்கிறேன், குமிழி நன்றாக வருகிறது. அப்படியும் சாகிறதே?

இது நல்ல கேள்வி, பலரும் இடறும் இடம். குமிழி ஆக்சிஜனைத் தருகிறது, ஆனால் மீன் நீரில் விடும் கழிவை எடுத்துச் செல்வதில்லை. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். குளத்தில் அது கரைந்து போகும், வாளியில் அது எங்கே போகும்? இரண்டு மூன்று மணி நேரத்தில் அது செவுளைச் சுடும் அளவுக்குச் சேர்ந்துவிடும். நீரின் மேல் நுரை கட்டி, அது உடையாமல் நிற்கிறது என்றால், சளியும் கழிவும் மிகுந்துவிட்டன, தண்ணீரை உடனே மாற்ற வேண்டும் என்று பொருள்.

அம்மோனியாவின் நஞ்சு நீரின் பி.எச். அளவைப் பொறுத்து, அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைப் பொறுத்து, மாறும். 25 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் நூற்றில் ஐந்து பங்கு. 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பண்ணையிலோ கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தையிலோ ஆக்சிஜன் அடைத்த பையில் பொடிமீன் வாங்கி வருகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியா அதுவரை அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து அதே நீரில் மோட்டாரைப் போட்டால் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாக மாறும். ஆகவே பையைக் கட்டவிழ்க்காமல் வாளி நீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திக்கொண்டு, பிறகு திறந்தவுடன் மீனைப் புது நீருக்கு மாற்றி, பை நீரைக் கொட்டிவிடுங்கள்.

மோட்டார் வாங்கும்போது குமிழிக்கல்லைக் கவனியுங்கள். பெரிய குமிழி நாலைந்து வந்து உடைவதைவிட, பொடிப்பொடியாகப் புகைபோல் எழுவது மேல். சிறிய மீன்களுக்குப் பெரிய மோட்டாரைப் போட்டு நீரைக் கொதிக்க வைப்பதுபோல் கலக்கினால், நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

தண்ணீரை எப்போது, எந்தத் தண்ணீரால் மாற்றுவது?

வெயில் நேரத்தில் மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு என்பது என் வழக்கம். மொத்தமாக மாற்றுவதைவிட இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது மீனுக்கு அதிர்ச்சி தராது.

"குளத்தில் நிற்கிறோம், குளத்து நீரையே மொண்டு ஊற்றினால் ஆயிற்று" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய குளத்தில், இரவு முழுவதும் செடிகளும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன்தான் நீரில் ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. விராலுக்கு நாம் போய் நிற்பதும் அந்த நேரந்தான். அப்போது செடி மண்டிய ஓரத்தில் மொண்ட நீர் மீனுக்கு உதவாது. மடை வாயிலோ, நீர் ஓடும் வாய்க்காலிலோ மொண்டு, ஒரு குவளையால் உயரத்திலிருந்து நாலைந்து முறை ஊற்றி ஆற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்திலோ பிற்பகலில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் பி.எச். 9-ஐயும் தாண்டிவிடும். ஏற்கெனவே அம்மோனியா சேர்ந்த வாளியில் அதை ஊற்றுவது ஆபத்து. அத்தகைய குளத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஆறவைத்த நீர் ஒரு கேன் கூடுதலாகக் கொண்டுபோகிறேன்.

குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

குளோரின் போட்ட நீரை அப்படியே ஊற்றக் கூடாது. நாம் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவே மீனின் செவுளைப் பொசுக்கப் போதும். அகன்ற பாத்திரத்தில் திறந்து 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். மோட்டார் ஓடவிட்டால் இன்னும் விரைவாகப் போகும். அவசரத்துக்கு வண்ணமீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் உதவும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால் அதை நீக்க அந்த உப்பு ஏறத்தாழ 7 மில்லிகிராம் போதும் என்பதால், ஒரு கிராம் 100 லிட்டருக்கும் மேல் வரும். அள்ளிப் போட வேண்டியதில்லை.

உப்புப் போட்டால் மீன் பிழைக்கும் என்கிறார்களே?

நன்னீர் மீனுக்கு அது உண்மை. லிட்டருக்கு 3 கிராம் வீதம், 20 லிட்டருக்கு 60 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றினால், மீனின் இரத்தத்துக்கும் வெளிநீருக்கும் உள்ள உப்பு வேறுபாடு குறைந்து, அடிபட்ட மீனின் சுமை இறங்கும். 5 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். வாழும் மீனின் மேல் கல்லை நேராகத் தூவாதீர்கள்.

வெயிலில் தண்ணீர் சூடாகிறது. ஐஸ் போடலாமா?

ஐஸ்கட்டியை நேரடியாகப் போடுவது இரண்டு வகையில் கெடுதல்: அது எந்தத் தண்ணீரில் உறைந்தது, அதில் குளோரின் உண்டா என்று தெரியாது, வெப்பமும் சட்டென்று இறங்கும். நீரின் வெப்பம் திடீரென 5 டிகிரி மாறினாலே பொடிமீன் நிலைதடுமாறும். அரை லிட்டர் பாட்டிலில் நீரை உறைய வைத்து மூடியோடு வாளியில் மிதக்கவிடுங்கள். அது முழுவதும் உருகி வாளி நீரோடு சமமாகும்போது 20 லிட்டர் நீர் இரண்டரை டிகிரிக்குச் சற்று மேல் குளிரும், அதுவும் மெதுவாக. ஒன்று உருகியதும் அடுத்தது.

ஐஸ் இல்லாத இடத்தில் நம் பழைய வழிகள் கைகொடுக்கும். வாளியைச் சுற்றி நனைத்த சாக்கைக் கட்டி, காற்றுப் படும் நிழலில் வைத்து, சாக்கு உலர உலர நீர் தெளித்தால் போதும். அகன்ற வாயுள்ள மண்பானை இன்னும் நல்லது, அதன் சுவரில் கசிந்து ஆவியாகும் நீரே உள்ளே குளிர்விக்கும். குளத்தங்கரை வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரையின் ஈரக்காற்றில் பலன் குறைவு.

எந்தப் பாத்திரம் நல்லது?

அகன்ற வாய் வேண்டும். ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது, ஆகவே ஒரே அளவு நீர் குடத்தில் இருப்பதைவிட அண்டாவைப் போன்ற வாயகன்ற பாத்திரத்தில் இருப்பது மேல். வட்டமாக இருப்பது நல்லது. சதுரப் பெட்டியில் ஓடும் மீன் மூலைக்குப் போய் முட்டி மூக்கில் சிவந்து புண்ணாகும். தெர்மாக்கோல் பெட்டி வெப்பத்தைத் தடுக்கும், மூலைதான் குறை. நான் அதற்குள் ஒரு வட்ட வாளியைப் பொருத்தி வைத்திருக்கிறேன். செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு உள்ள தகர வாளி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். இந்த உலோகங்கள் கரைவது சிறிதளவே என்றாலும் மீனுக்கு நஞ்சு. வயலில் பூச்சிமருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். ஒரு நண்பரின் வாளியில் கால் மணி நேரத்துக்குள் எல்லா மீனும் சுழன்று சுழன்று செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தக் காட்சி மறக்கவில்லை.

குளத்திலேயே ஓரிடத்தில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு எல்லாவற்றையும்விட நல்லது, மூங்கிலாலோ ஓலையாலோ முடைந்த பறியை வாயைக் கட்டி நீருக்குள் அமிழ்த்தி வைப்பதுதான். மோட்டாரும் வேண்டாம், நீர் மாற்றவும் வேண்டாம். சேற்றில் படியாமல் ஒரு கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர்ப்பாம்பு நுழையாதபடி வாய்க்கட்டு இறுக்கமாக இருக்கட்டும்.

எத்தனை மீன் வைக்கலாம்?

மோட்டார் ஓடும் 20 லிட்டர் வாளியில் விரல் நீளக் கெண்டை இருபது, இருபத்தைந்து. அதே நீளமுள்ள மடவை என்றால் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு காலைக்கு எனக்கு எட்டு, பத்து இரை போதும். அறுபது மீனை அடைத்து ஐம்பதைக் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

கிளம்பும் முன் இரை மீனுக்குத் தீனி போட வேண்டுமா?

கூடாது. முதல்நாளே பிடித்து வைத்திருந்தால் அன்று பட்டினி போடுங்கள். வயிறு காலியான மீன் நீரைக் குறைவாகவே கெடுக்கும்.

படகில் போகிறவர்கள் என்ன செய்வது?

வெளியிலிருந்து கடல்நீரை இறைத்து, தொட்டியின் மேல்விளிம்பு வழியாக வழியவிடும் பம்பு இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. தொட்டி நீர் ஒரு மணி நேரத்தில் ஆறு முறையாவது முழுதாக மாறும் வேகம் வேண்டும். சாளை, நெத்திலி போன்றவற்றை வைக்க வழி இதுதான்.

இதைப் பம்பே இல்லாமல் நெடுங்காலமாகச் செய்து காட்டியவர்கள் லட்சத்தீவுகளில் உள்ள மினிக்காய் மீனவர்கள். தூண்டில் கழியால் சூரை பிடிக்கும் அவர்கள், பவளப்பாறை ஓரத்தில் பிடித்த பொடிமீன்களை உயிரோடு வைத்திருந்து, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அள்ளிக் கடலில் வீசுவார்கள். படகின் நடுவில் உள்ள இரைத் தொட்டியின் அடியில் துளைகள் இருக்கும். அடைப்பான்களை எடுத்துவிட்டால் கடல்நீரே உள்ளே ஏறி மாறிக்கொண்டிருக்கும். பொடிமீன் செத்தால் அன்றைய சூரை இல்லை என்பதால், இரையைப் பேணுவதை அவர்கள் மீன்பிடித் தொழிலின் பாதியாகவே கருதுகிறார்கள்.

கழிமுகத்தில் தண்ணீர் மாற்றியதும் மீன் செத்தது. ஏன்?

உப்பு மாறியிருக்கும். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும்போது பிடித்த மீனுக்கு, வற்றத்தில் ஆற்றுநீர் மேலாக ஓடும்போது மொண்டு ஊற்றினால், வாளியின் உப்பு சட்டென்று பாதியாகிவிடும். நன்னீர் எடை குறைந்தது என்பதால் மேலேயே ஓடும், நம் வாளியும் மேல்நீரைத்தான் மொள்ளும். மடவை இதைத் தாங்கும், மற்றவை திணறும். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு இருந்தால் கால் பங்கு கால் பங்காக அரை மணி இடைவெளியில் மாற்றுங்கள்.

மீன் சோர்கிறது என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது?

வாளி மூடியைத் தூக்கியதும் கீழே ஓடி ஒளியும் மீன் நலமாக இருக்கிறது. மேலே வந்து வாய் பிளந்து காற்றுக் குடித்தால் ஆக்சிஜன் குறைவு. காற்று நன்றாக இருந்தும் செவுள் படபடவென்று அடித்தால் அம்மோனியாவை நினையுங்கள். மூக்கு நுனி சிவந்தால் பாத்திரம் சரியில்லை, மேனி பால்போல் மங்கினால் சளி போய்விட்டது. செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகத் தொடங்கினால் மற்றவற்றின் நீரையும் கெடுக்கும்.

முள்ளை எங்கே கோப்பது?

இரையின் எடையைத் தாங்கும் அளவு மெல்லிய கம்பியில் செய்த முள்ளைத் தேர்ந்தெடுங்கள். தடித்த முள் போட்ட ஓட்டையிலேயே பொடிமீன் போய்விடும். தேங்கிய நீரில் தக்கை கட்டி விராலுக்குப் போடும்போது, முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தோலுக்கும் மேல்தசைக்கும் இடையே மட்டும் முள் போக வேண்டும். ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் முதுகெலும்பில் பட்டு மீன் விறைத்துவிடும். கோத்த மீனை உள்ளங்கை நீரில் வைத்துப் பாருங்கள்: வால் இருபுறமும் சமமாக அடித்தால் சரியாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வளைந்து நின்றால் எலும்பு தொடப்பட்டிருக்கிறது.

நீர் ஓடும் கழிமுகத்தில் மேலுதட்டில் அல்லது மூக்குத் துளைக்கு முன்னே கோத்தால் மீன் எதிர்நீரில் தலை வைத்து இயல்பாக நிற்கும். இரண்டு உதட்டையும் சேர்த்துத் தைத்தால் வாய் மூடிக்கொண்டு செவுளுக்கு நீர் போகாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். வாலருகே கோத்த மீன் உங்களை விட்டு விலகி ஓடப் பார்க்கும். பாலத்தின் கீழோ கிளையின் கீழோ இரையை அனுப்ப அது உதவும். எப்படிக் கோத்தாலும், வீசும்போது சுண்டி எறியாமல், கழியை மெல்ல ஊஞ்சல்போல் ஆட்டிவிடுங்கள். நீரில் அறைந்து விழுந்த மீன் அங்கேயே மயங்கிவிடும்.

உயிர் இறால்?

இறால் கால் பற்ற இடம் தேடும். வாளியில் ஒரு துண்டு வலையைப் போட்டால் அதைப் பற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும். சட்டை உரித்த இறாலை மற்றவை தின்றுவிடும், அதைப் பிரித்து வையுங்கள். ஒரு காலை நேரத்துக்குக் குளிர்ந்த ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலே தாங்கும். கோக்கும்போது தலைக்கொம்பின் அடியில் ஓட்டுக்குள் கறுப்பாகத் தெரியும் புள்ளியைத் தொடாமல் அதற்கு முன்னே கோத்தால் நெடுநேரம் உதைத்துக்கொண்டிருக்கும்.

இரைக்கு எங்கே வேண்டுமானாலும் வலை வீசலாமா?

முடியாது. குளங்களில் மீன் உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், குத்தகைதாரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா. அங்கே பொடிமீனுக்குக்கூட வலை வீசக் கூடாது. கடற்புல் உள்ள ஆழமற்ற நீரில் வீசும் வலையில் எங்கேயும் கடல்குதிரை ஏறலாம். 2001 முதல் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்ற உயிரினம். கண்டால் மற்ற மீனைப் பிரிப்பதற்கு முன்பே அதை நீருக்குள் வைத்தே விடுவித்துவிடுங்கள்.

எஞ்சிய இரை மீனைக் குளத்தில் விட்டுவிடலாமா?

பிடித்த அதே நீரில் விடலாம். வேறு நீரில் ஒருபோதும் விடாதீர்கள். உயிரைக் காப்பதாக எண்ணி நாம் செய்யும் இந்தக் காரியம் ஒரு குளத்தையே கெடுக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் கண்மாயில் இல்லை? தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய டேங்க் கிளீனர் மீன் வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறி ஏரிகளில் பெருகி, மீனவரின் வலையைக் கிழிக்கிறது. வளர்க்கவே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சைச் சிலர் நாட்டுக் கெளுத்தி என்று எண்ணி இரைக்கு வாங்குவதும் உண்டு.

நோயும் இப்படித்தான் பரவும். 1988-இல் இந்தியாவுக்குள் வந்த புண்நோய், உடலில் சிவந்த புள்ளியாகத் தொடங்கித் தசையை அரித்துக் குழியாக்கும். பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வரும் அந்த நோய்க்கு மிக எளிதில் பலியாகும் மீன்கள் விராலும் கெண்டையும். ஒரு குளத்துக் கெண்டையை இன்னொரு குளத்து விராலுக்கு இரையாகக் கொண்டுபோவது, எந்த மீனை நாடிப் போகிறோமோ அதற்கே நோயைக் கொண்டுபோவதாக முடியலாம். முடிந்தவரை தூண்டில் போடும் குளத்திலேயே இரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாளி நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கரைக்கு அப்பால் உலர்ந்த மண்ணில் கொட்டுங்கள். வலையையும் வாளியையும் அடுத்த குளத்துக்குப் போகும் முன் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிடித்த இடத்துக்குத் திரும்ப முடியாதபோது, எஞ்சியவற்றை உப்பிட்டு உறையவைத்துக் கெளுத்திக்கு இரையாக எடுத்து வைக்கிறேன். கெண்டைப்பொடியும் அயிரையும் அதிகமாக எஞ்சினால் அன்றிரவு வீட்டில் குழம்புக்குப் போகும்.